நம்ம தெரு, அவங்க கடிகாரம்!
போகிமான் கோ: திருச்சியிலிருந்து ஒரு நெடுநாள் ஆட்டக்காரரின் கோரிக்கைப் பட்டியல்

மே மாத ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 2 மணி. ஸ்ரீரங்கம் தெற்கு உத்திர வீதியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பூக்கடைக்காரர்கள் மல்லிகை மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுக் கடையின் உட்பக்கமாக நகர்ந்துவிட்டார்கள். மாடுகள்கூட மண்டபத்துக்குள் ஒதுங்கிவிட்டன. ரங்கா ரங்கா கோபுரத்து நிழல் விழுந்திருக்கும் சின்னத் துண்டு இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு போனும் பவர் பேங்குமாக நெருக்கியடித்து நிற்கிறார்கள். பாலிடெக்னிக் பையன்கள், தலையில் கர்சீப் கட்டிய ஒரு வங்கி ஊழியர், மகனுடைய போனுக்குக் குடை பிடிக்கும் ஓர் அம்மா. குடை பையனுக்கு இல்லை, போனுக்கு. சூடேறினால் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையில் ஒன்றும் தெரியாது.

பூ கட்டும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இந்த வெயில்ல என்னத்தடா தேடுறீங்க?"

"ஷைனிக்கா! அஞ்சு மணிக்குள்ள புடிக்கணும்!"

போகிமான் கோ விளையாட்டின் 'கம்யூனிட்டி டே' அது. மாதத்துக்கு ஒரு முறை, குறிப்பிட்ட ஓர் உயிரினம் தெருவெங்கும் கொத்துக்கொத்தாகத் தோன்றும் மூன்று மணி நேரம். நிறம் மாறிய அபூர்வ வகையான ஷைனி அன்று எளிதில் அகப்படும். உலகம் முழுக்க உள்ளூர் நேரப்படி பெரும்பாலும் 2 மணியிலிருந்து 5 மணி வரை. ஓசாகாவிலும் லண்டனிலும் பூங்காவில் உலாவ அது அருமையான நேரம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில்?

பத்து வருடப் பழக்கமுள்ள ஆட்டக்காரன் என்ற உரிமையில் இந்தப் பட்டியலை எழுதுகிறேன். இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும். சாத்தார வீதியிலும் அடையவளஞ்சான் வீதியிலும் நான் பார்க்காமலே கடந்துபோன கல் மண்டபங்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது இதுதான். அந்த நன்றியிலிருந்துதான் கோரிக்கைகளும் வருகின்றன. இந்த விளையாட்டுக்கு ஆடுகளம் நம் தெரு. அதன் நேரம், விலை, மொழி, விதி எல்லாம் எங்கோ முடிவாகின்றன. அவை நம் தெருவுக்குப் பொருந்த வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு

2016 ஜூலையில் அமெரிக்காவின் நியாண்டிக் நிறுவனம் இதை வெளியிட்டது. நிறுவனர் ஜான் ஹாங்கி, பின்னாளில் கூகுள் எர்த் ஆக மாறிய கீஹோல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். போனின் ஜிபிஎஸ் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். திரையில் அதே தெருவின் வரைபடம், அதன் மேல் கற்பனை உயிரினங்கள். நடந்தால்தான் கிடைக்கும். கோயில், சிலை, சுவரோவியம், பூங்கா போன்ற இடங்கள் 'போகிஸ்டாப்' ஆகவும் 'ஜிம்' ஆகவும் குறிக்கப்பட்டிருக்கும். ஸ்டாப்பைச் சுழற்றினால் உயிரினங்களைப் பிடிக்கும் பந்துகள் கிடைக்கும். ஜிம்மில் அணிகள் மோதும். பலசாலி உயிரினத்தைப் பலர் சேர்ந்து வீழ்த்துவது 'ரெய்டு'.

இந்தியாவில் முறையாக வந்தது 2016 டிசம்பரில், ரிலையன்ஸ் ஜியோவுடன் கைகோத்து. அதற்கு முன்பே எங்கிருந்தோ கோப்பை இறக்கி நிறுவி ஆடியவர்கள் ஏராளம். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, மெயின்கார்டு கேட் நெரிசலில் வண்டி ஊர்ந்துபோகும் நேரம் பார்த்து ஸ்டாப்களைச் சுழற்றியதெல்லாம் அந்தக் காலம்.

கோரிக்கை 1: எங்கள் சாயங்காலத்தைக் கொடுங்கள்

கம்யூனிட்டி டே 2018 ஜனவரியில் தொடங்கியது. கொரோனா காலத்தில் அதைக் காலை 11 முதல் மாலை 5 வரை ஆறு மணி நேரமாக நீட்டினார்கள். திருச்சிக்கு அது வரம். 11 மணிக்கு ஒரு சுற்று, சாப்பாட்டுக்கு வீடு, 4 மணிக்கு இன்னொரு சுற்று. 2022 ஏப்ரலில் மறுபடியும் மூன்று மணி நேரமாகச் சுருக்கி, பிற்பகல் 2க்கு வைத்துவிட்டார்கள். நம் ஊரில் வெயில் உச்சத்தில் இருக்கும் மூன்று மணி நேரமும் அதுவே.

விளைவை எண்ணிப் பாருங்கள். ஆடுபவர்களில் பலர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அக்னி நட்சத்திரத்தில் வெளியே வராதீர்கள் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் அதே நேரத்தில், போன் மட்டும் வா வா என்று கூப்பிடுகிறது. வீட்டில் விடாத பெண் பிள்ளைகளும், வெயில் தாங்காத வயதானவர்களும், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும் பெரிய கடைவீதிக்காரர்களும் அந்த மாத நிகழ்ச்சியையே இழக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் பைக்கில் போய், நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே ஆடுகிறார்கள். நடக்க வைக்கத்தான் இந்த விளையாட்டு என்றால், நடக்க முடியாத நேரத்தில் அதை வைத்து என்ன பயன்?

தீர்வு எளிது. நேரம் ஏற்கெனவே உள்ளூர்க் கடிகாரப்படிதான் கணக்கிடப்படுகிறது. வெயில் நாடுகளுக்கு மார்ச் முதல் ஜூன் வரை மாலை 5 முதல் 8 என்று மாற்றினால் போதும். விளையாட்டுக்குள்ளேயே வானிலைக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் நிற்கும் இடத்தில் வெயிலா, மழையா, காற்றா என்று அதற்குத் தெரியும். அந்த வானிலைக்கு ஏற்ற உயிரினங்களைத்தான் அது அதிகம் காட்டுகிறது. வெயில் அடிக்கிறது என்று தெரிந்து நெருப்பு வகைகளை அனுப்பத் தெரிந்த விளையாட்டுக்கு, வெயில் அடிக்கிறது என்று தெரிந்து நேரத்தைத் தள்ளி வைக்கத் தெரியாதா?

பெட்டிச் செய்தி: திருச்சி வானிலை, போகிமான் கணக்கில்
• வெயில்: நெருப்பு, புல், நில வகைகள் அதிகம். நமக்கு வருடத்தில் பெரும்பகுதி இதுதான்.
• மழை: நீர், மின்சாரம், பூச்சி வகைகள். ஐப்பசியில் அடித்துப் பிடிக்கலாம்.
• பலத்த காற்று: டிராகன், பறவை, மனோசக்தி வகைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்குத் திருச்சி ஆட்டக்காரர்கள் காத்திருப்பது இதற்காகவே.
• பனிப்பொழிவு: பனி, எஃகு வகைகள். திருச்சிக்கு வாய்ப்பே இல்லை.


கோரிக்கை 2: 80 மீட்டரைச் சட்டமாக்குங்கள்

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2021 ஆகஸ்ட் ஒரு பதில்.

ஒரு ஸ்டாப்பைச் சுழற்ற அதற்கு 40 மீட்டர் நெருக்கத்தில் நிற்க வேண்டும் என்பது பழைய விதி. கொரோனாவில் கூட்டத்தைத் தவிர்க்க அதை 80 மீட்டராக்கினார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும், சாலையைக் கடக்க அஞ்சும் பெற்றோரும், காம்பவுண்டு சுவர்களுக்கு வெளியே நின்றவர்களும் அப்போதுதான் நிம்மதியாக ஆடினார்கள். 2021 ஆகஸ்டில் நிறுவனம் முதற்கட்டமாக அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் அதைப் பழையபடி 40 ஆக்கியது. ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 'எங்களைக் கேளுங்கள் நியாண்டிக்' என்று உலகம் முழுக்கக் குரல் எழுந்தது. ஒரு நாள் முழுக்க ஆடாமல் புறக்கணித்தார்கள். நிறுவனத்துக்கு ஆட்டக் குழுக்களும் காணொலிக்காரர்களும் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் 80 மீட்டர் திரும்பி வந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு இந்த 40 மீட்டர் வித்தியாசம் வேறெந்த ஊரையும்விடப் பெரியது. ஏழு பிராகாரங்களில் வெளி மூன்றில் ஊர் வாழ்கிறது, உள் நான்கில் கோயில் இருக்கிறது. 156 ஏக்கர், 21 கோபுரங்கள். உத்திர வீதி மதிலை ஒட்டி நடந்தால், உள்ளே மதிலோரமாக இருக்கும் மண்டபங்களையும் சன்னதிகளையும் 80 மீட்டர் வட்டத்தில் வெளியிலிருந்தே தொட்டுவிடலாம். 40 மீட்டர் என்றால் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கோயில்களின் புனிதத்தைக் காக்க, தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் பிறந்த உத்தரவு அது. ஆட்டக்காரனாக இருந்தும் சொல்கிறேன், அந்த உத்தரவு சரி. பெருமாளைச் சேவிக்க வரிசையில் நிற்பவர் பக்கத்தில் நின்று திரையைத் தேய்ப்பது எனக்கும் உறுத்தும்.

இன்றைக்கு 80 மீட்டர் என்பது நிறுவனம் மனம் வைத்துக் கொடுத்த சலுகை. நாளைக்கு வேறொரு மேலாளர் வந்தால் மாற்றலாம். அதை நிரந்தர விதி என்று எழுதி வையுங்கள். கூடவே, வழிபாட்டுத் தலத்தின் உட்பகுதியில் இருக்கும் ஸ்டாப்களை வாசலுக்கோ வெளிவீதிக்கோ நகர்த்துங்கள். ஒவ்வோர் ஊரிலும் கோயில், தர்கா, தேவாலய நிர்வாகத்தினர் நேரடியாக விண்ணப்பிக்கும் எளிய வழி, அவர்கள் மொழியிலேயே வேண்டும். நத்தர்வலி தர்காவுக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்கும் இதே மரியாதைதான்.

பெட்டிச் செய்தி: கோர்ட் படியேறிய முட்டை
விளையாட்டில் ஸ்டாப்களைச் சுழற்றினால் சில நேரம் முட்டை கிடைக்கும். அதை 'அடைகாக்க' 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும். கோயில்களும் சமணத் தலங்களும் ஸ்டாப்களாக இருப்பதால், அங்கே முட்டை கிடைப்பதாகக் காட்டுவது பக்தர்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று 2016இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டது. நியாண்டிக்குக்கு நோட்டீஸ் போனது. விளையாட்டு இந்தியாவில் முறைப்படி வெளியாகும் முன்பே நடந்தது இது.

கோயிலடியில் விளையாட்டா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வைகுண்ட ஏகாதசி இரவை நினைவூட்டுவேன். கண் விழிக்க ஊரே பரமபதம் ஆடும். ஏணியும் பாம்பும் கொண்ட அந்தக் கட்டத்தின் உச்சியில் இருப்பது வைகுண்டம். பக்தியும் ஆட்டமும் இந்த ஊரில் பல தலைமுறையாக ஒரே பாயில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எல்லை எது என்று தெரிந்து ஆட வேண்டும், அந்த எல்லையை விளையாட்டும் மதிக்க வேண்டும்.

கோரிக்கை 3: சிங்கப்பூர் அண்ணனுக்கும் ஸ்ரீரங்கம் தம்பிக்கும் நடுவே காசு வைக்காதீர்கள்

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர் விமானம் இறங்கும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் இன்னொரு பாதி எங்கே இருக்கிறது என்று தெரியும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறது.

2020இல், தொலைவிலிருந்தே ரெய்டில் சேர உதவும் 'ரிமோட் ரெய்டு பாஸ்' வந்தபோது, பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பீஷானில் ஒரு ரெய்டைத் திறந்து ஸ்ரீரங்கத்துத் தம்பியை அழைக்கலாம். இருவரும் ஒரே திரையில் ஒரே டிராகனை அடிக்கலாம். தினமும் வீடியோ காலில் "சாப்டியா?" என்பதற்கு மேல் பேச்சு வளராத வயசுப் பையன்கள், இதில் அரை மணி நேரம் விடாமல் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

2023 ஏப்ரலில் அந்தப் பாஸின் விலையை 100 காயினிலிருந்து (விளையாட்டுக்குள் செல்லும் நாணயம்) 195 காயினாக ஏற்றினார்கள். மூன்று பாஸ் கொண்ட கட்டு 300லிருந்து 525 ஆனது. நாளொன்றுக்கு ஐந்துதான் என்று வரம்பும் வைத்தார்கள். மக்களை மறுபடி வெளியே வந்து நேரில் சேர்ந்து ஆட வைக்க இது என்று விளக்கம் சொன்னது நிறுவனம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். காசு போடாமல் ஆடுபவர் ஜிம்மில் தன் உயிரினத்தை நிறுத்தி ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 காயின்தான் சம்பாதிக்க முடியும். ஒரே ஒரு ரிமோட் பாஸுக்கு நான்கு நாள் உழைப்பு. பெரிய நகரத்தில் இருப்பவன் தெருவில் இறங்கினால் இருபது பேர் கிடைப்பார்கள். துறையூரிலோ மணப்பாறையிலோ இருப்பவனுக்கு ஐந்து நட்சத்திர ரெய்டுக்கு ஆள் சேராது. விலையேற்றம் யாரை அடித்ததென்றால், ஏற்கெனவே தனியாக ஆடிக்கொண்டிருந்தவனைத்தான். அப்போதும் உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. விலை இறங்கவில்லை.

நான் கேட்பது இலவசம் இல்லை. பழைய நண்பர்கள் என்று விளையாட்டே அடையாளம் வைத்திருக்கிறது. பரிசு பரிமாறப் பரிமாற நட்பின் படிநிலை ஏறும், உச்ச நிலையை எட்டப் பல மாதங்கள் ஆகும். அந்த உச்ச நிலை நண்பர்கள் இருவருக்கு வாரம் ஒரு ரெய்டு கட்டணமின்றித் தாருங்கள். கடல் தாண்டியிருக்கும் வீட்டு ஆட்களுக்கு அது போதும்.

கோரிக்கை 4: கிராமத்துக்கும் ஒரு ஸ்டாப்

ஸ்ரீரங்கத்தில் பத்தடிக்கு ஒரு ஸ்டாப். கொள்ளிடம் பாலம் தாண்டி உள்ளே போகப் போகத் திரை வெறும் பச்சையாகிவிடும். சாலை மட்டும் ஒரு கோடாக ஓடும். பந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

காரணம் பழையது. இதே நிறுவனத்தின் 'இங்க்ரெஸ்' என்ற முந்தைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த இடங்கள்தான் போகிமான் கோவின் முதல் ஸ்டாப்கள். இங்க்ரெஸ் ஆடியவர்கள் யார்? 2012 வாக்கில் நல்ல ஸ்மார்ட்போனும் இணையமும் கையில் இருந்தவர்கள். அவர்கள் இருந்த இடமெல்லாம் நிரம்பியது, இல்லாத இடமெல்லாம் காலியாகவே நின்றது. பிறகு ஸ்டாப் பரிந்துரைக்கும் உரிமை, 'வேஃபேரர்' என்ற ஏற்பாட்டின் வழியாக, உயர்நிலை எட்டிய ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. பரிந்துரையைச் சரிபார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் சக ஆட்டக்காரர்கள்தான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. ஸ்டாப் இல்லாத ஊரில் நிலை ஏறுவது கடினம். நிலை ஏறாமல் ஸ்டாப் பரிந்துரைக்க முடியாது. ஆக, யாருக்கு ஸ்டாப் வேண்டுமோ அவர்களுக்குக் கேட்கும் வாசல் அடைத்திருக்கிறது. இருக்கும் இடத்திலேயே மேலும் மேலும் குவிகிறது.

பெட்டிச் செய்தி: ஸ்டாப், ஜிம் கணக்கு
• விளையாட்டு உலகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துள்ளது. ஆட்டக்காரர்கள் 'செல்' என்பார்கள்.
• 17ஆம் நிலைக் கட்டம் ஒன்றில் ஒரே ஒரு ஸ்டாப் அல்லது ஜிம்தான் தெரியும்.
• அப்படிப்பட்ட 64 கட்டங்கள் சேர்ந்தது 14ஆம் நிலைக் கட்டம். அதில் 2 இடங்கள் இருந்தால் ஒன்று ஜிம் ஆகும். 6 ஆனால் இரண்டு ஜிம், 20 ஆனால் மூன்று.
• ஒற்றைக் கோயில் உள்ள கிராமத்தில் ஸ்டாப் இருக்கலாம், ஜிம் வராது. ஜிம் இல்லையென்றால் ரெய்டும் இல்லை, இலவசக் காயினும் இல்லை.

சரிபார்க்கும் கண்ணும் முக்கியம். 'எங்கும் காணக்கூடிய சாதாரணப் பொருள்' என்றால் நிராகரிக்கலாம் என்பது விதி. ஊரெல்லையில் நிற்கும் ஐயனார் குதிரை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த ஊர்க்காரனுக்கு அது ஒன்றே ஒன்று. வேளார் வீட்டில் சுட்ட மண்குதிரை, அதற்கென்று ஒரு நேர்த்திக்கடன், ஒரு புரவியெடுப்பு. நடுகல்லும், சுமைதாங்கிக் கல்லும், ஊருணிப் படித்துறையும் இப்படியே. தமிழ்நாட்டு கிராமத்துப் பரிந்துரைகளைத் தமிழ்நாட்டை அறிந்தவர்களே சரிபார்க்க வேண்டும். பத்து கிலோமீட்டருக்குள் ஸ்டாப் இல்லாத ஊர்க்காரருக்கு நிலை வரம்பைத் தளர்த்த வேண்டும். அங்கே ஒற்றை இடம் இருந்தாலும் ஜிம் ஆக அனுமதிக்க வேண்டும்.

இதைச் செய்யாததன் விளைவு நகரத்தையும் தாக்குகிறது. ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி, விடுதி அறையில் படுத்துக்கொண்டே மலைக்கோட்டையில் நிற்பதாகக் காட்டும் செயலிகள் உண்டு. விடியற்காலை 3 மணிக்கு ஊரிலுள்ள ஜிம்கள் எல்லாம் ஒரே பெயருக்கு மாறியிருந்தால் புரிந்துகொள்ளலாம், ஆள் நடந்து வரவில்லை. அது மோசடி. எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தர நீக்கம் என்று மூன்று படித் தண்டனையும் வைத்திருக்கிறார்கள். இன்னும் கடுமையாகப் பிடிக்கட்டும். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் தெருவில் ஒன்றுமே இல்லாததால் அந்தப் பக்கம் போனவர்கள். தெருவில் ஒன்றை வைத்தால் அவர்கள் நடப்பார்கள்.

கோரிக்கை 5: தமிழ்

2023இல் போகிமான் கோ ஹிந்தியில் வந்தது. 800க்கும் மேற்பட்ட உயிரினங்களின் பெயர்களை ஹிந்தி எழுத்தில் கொடுத்தார்கள், விளம்பரமும் பெரிதாகச் செய்தார்கள். மகிழ்ச்சி. அடுத்தது எங்கள் முறை என்று நினைத்தோம்.

தமிழில் டப் செய்யப்பட்ட போகிமானைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று வேலைக்குப் போய், காசு கொடுத்து காயின் வாங்குகிறது. மைன்கிராஃப்டின் கணினிப் பதிப்பைத் தமிழில் ஆடலாம், மொழிபெயர்த்தவர்கள் தன்னார்வலர்கள். 'வெண்பா' என்ற விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதையாக்கி, 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை வென்றது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் 2022 முதல் ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். தமிழுக்கு இந்த உலகில் இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இது பெருமைக்காகக் கேட்பதும் இல்லை. எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. சுற்றிலும் கவனமாக இருங்கள், வண்டி ஓட்டும்போது ஆடாதீர்கள், அத்துமீறி நுழையாதீர்கள் என்று ஆரம்பத்தில் வருவதை நம் பிள்ளைகள் படிப்பதே இல்லை, தட்டித் தள்ளிவிடுகிறார்கள். பெற்றோருக்கான அனுமதிப் பக்கமும் அப்படியே. மகன் எதற்குச் சம்மதம் கேட்கிறான் என்று அம்மாவுக்குப் புரியாமல் அவள் 'ஓகே' அழுத்துவது சம்மதமாகாது. முதலில் உயிரினப் பெயர்கள்கூட வேண்டாம். பாதுகாப்பு, பணம், பெற்றோர் அனுமதி, புகார். இந்த நான்கு பக்கங்களை மட்டும் தமிழாக்கினால் போதும், நாளைக்கே.

கோரிக்கை 6: எங்கள் கோபுரம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்

ஆட்டக்காரர்கள் அதிகம் பேசாத, எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம் இது.

ஸ்டாப்பைச் சுற்றி நடந்து போன் கேமராவால் படம்பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று விளையாட்டு கேட்பது உண்டு. விருப்பமிருந்தால் செய்யலாம், கட்டாயமில்லை. 2024 நவம்பரில் நியாண்டிக் ஓர் அறிவிப்பு செய்தது. தன் விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் பிடித்துத் தந்த படங்கள் உட்படத் திரட்டியவற்றைக்கொண்டு, இடங்களை இயந்திரம் முப்பரிமாணத்தில் புரிந்துகொள்ளும் மாபெரும் செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கட்டுகிறோம் என்றது. உலகில் 1 கோடி இடங்கள் படம்பிடிக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னது. வெறுமனே நடந்து ஆடுவதால் அதற்குத் தரவு போவதில்லை, ஸ்கேன் செய்து அனுப்பியதுதான் போகிறது என்று பின்னர் விளக்கமும் வந்தது.

அடுத்த சில மாதங்களில் விளையாட்டே கை மாறியது. 2025 மார்ச்சில், விளையாட்டுப் பிரிவை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி வாங்குவதாக அறிவிப்பு வந்து, மே மாதம் விற்பனை முடிந்தது. ஸ்கோப்லி, சவூதி அரசு முதலீட்டு நிதியின் கீழ் இயங்கும் சாவி கேம்ஸ் குழுமத்துக்குச் சொந்தம். வரைபடத் தொழில்நுட்பம் 'நியாண்டிக் ஸ்பேஷியல்' என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது.

தெப்பக்குளத்தையோ ராஜகோபுரத்தையோ சுற்றிச் சுற்றிப் படம்பிடித்து நாலு பந்துக்குக் கொடுத்த பையன் அதை ஒரு விளையாட்டுக்குக் கொடுத்தான். அது இப்போது யாரிடம் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, திரும்பக் கேட்டால் அழிப்பார்களா? ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் இரண்டு வரியில், புரியும் மொழியில் இதைச் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஸ்கேன் கேட்கவே கூடாது.

பெட்டிச் செய்தி: சூதாட்டத் தடை இதற்குமா?
2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸும் பொழுதுபோக்கு விளையாட்டுகளும் தனி வகை. போகிமான் கோவில் காயின் வாங்கலாம், ஆனால் ஆடி ஜெயித்துப் பணமாக எடுக்க முடியாது. கணக்கை விற்பதை விளையாட்டின் விதியே தடுக்கிறது. விற்றால் கணக்கு பறிபோகும், வாங்கியவரின் காசும் போகும்.

கேட்பதோடு நிற்கவில்லை

இந்த விளையாட்டு நடக்க வைக்கிறது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, தொடங்கிய முதல் வாரத்தில் ஆட்டக்காரர்கள் நாளுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்ததாகவும், ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் மறைந்துவிட்டதாகவும் சொன்னது. பழக்கம் நீடிக்க, நடக்கத் தகுந்த இடம் வேண்டும். அந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது.

2017 டிசம்பரிலிருந்து விளையாட்டின் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தங்கள் தெருவை வரையலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. அதில் பூங்காவாகவும் நடைபாதையாகவும் குறிக்கப்பட்ட இடங்கள், வரைபடம் புதுப்பிக்கப்படும்போது விளையாட்டிலும் உயிர்பெறும். பொய்யாகப் பூங்கா வரைவது அந்த வரைபடத்தை நம்பும் எல்லோருக்கும் துரோகம். உண்மையில் இருப்பதை வரைந்தாலே நமக்கு ஏராளம் இருக்கிறது.

திருச்சி ஆட்டக்காரர்களான எங்கள் குழு வரைவதற்கு முதலில் எடுத்திருப்பது உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை. அடுத்து, மேலூர் பக்கம் 25 ஏக்கரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் உள் நடைபாதைகள். அங்கே வண்டித் தொல்லை இல்லை, நிழல் உண்டு, குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். பிறகு முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய மேலணையும், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் இடிந்த பிறகு எழுந்த புதிய கதவணையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம். நிலை எட்டியவர்கள் ஆளுக்கு ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, அங்குள்ள பிள்ளைகள் எடுத்துத் தரும் படங்களைப் பரிந்துரையாக அனுப்புவது என்றும் பேசியிருக்கிறோம். ஐயனார் குதிரைக்கு எழுதும் விளக்கத்தில் எந்த வேளார் செய்தது, எந்த வருடம் புரவியெடுப்பு நடந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கத்து ஆட்டக்காரர்கள் யாராக இருந்தாலும் சேரலாம். ஞாயிறு காலை 6 மணி, வெயில் ஏறும் முன், அம்மா மண்டபம் படித்துறை.